மைதானத்துக்குப் புல் வாங்கப் போகிறீர்களா?



சில வருடங்களுக்கு முன் எமது பிரிவொன்றில், இளைஞர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் மைதானத்துக்குப் புல் சுருள் வாங்கினோம். லொறி வந்து சேர இரண்டு நாளாயிற்று. சுருளைப் பிரித்தால் உள்ளே சூடு ஏறிப் புல் மஞ்சளாகிக் கிடந்தது. "பரவாயில்ல, தண்ணி ஊத்தினா பிடிச்சிடும்" என்று நாங்கள்தான் சொன்னோம். ஒரு மாதத்தில் பாதி காய்ந்து விட்டது. பிழை எங்களுடையது. இன்னொரு தோட்டத்தில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

பந்து விளையாடும் இடத்துக்கு அருகம்புல் நல்லது. மிதிபட்டாலும் மறுபடி துளிர்க்கும். ஆனால் நல்ல வெயில் வேண்டும். மர நிழலில் மெலிந்து போகும். நுவரெலியா போன்ற குளிரான உயரமான இடங்களில் கிக்குயு புல் செழித்து வளரும். கிழக்கு ஆபிரிக்க மலைநாட்டிலிருந்து வந்த புல் அது. மாட்டுக்கும் நல்ல தீனி.

ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டும் கொடி ஓடித் தேயிலை மலைக்குள்ளும் மரக்கறிப் பாத்திக்குள்ளும் புகுந்து விடும். மைதான ஓரத்தில் கான் வெட்டி, ஓடி வரும் கொடியை அடிக்கடி வெட்டி விடுங்கள்.

பிள்ளைக் காம்பரா முன்னால் கொஞ்சம் நிழல் இருந்தால், கார்பெட் புல் எனப்படும் அகன்ற இலைப் புல் பொருந்தும். புளிப்பு மண்ணையும் தாங்கும். ஆனால் பெரியவர்களின் கடும் விளையாட்டுக்கு அது தாங்காது.

வாங்கும்போது கவனியுங்கள்

வெட்டி 24 மணித்தியாலத்துக்குள் பதிக்கக்கூடிய புல்லையே வாங்குங்கள். ஒரு சுருளைப் பிரித்து ஒரு முனையில் தூக்கிப் பாருங்கள். கிழிந்து விழுந்தால் வேர் பின்னவில்லை என்று அர்த்தம். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். கோரைக் கிழங்கு இருந்தால் வேண்டவே வேண்டாம். பிறகு அதை ஒழிப்பது பெரும்பாடு.

அளவையும் கணக்குப் பாருங்கள். 30 அடி நீளம், 20 அடி அகலம் என்றால் 600 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்கு 30 சதுர அடி கூட்டி வாங்கினால் போதும்.

பதிக்கும் முறை

மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி மட்டம் பண்ணுங்கள். தேயிலை மண் புளிப்பானது. அதனால் அருகு, கிக்குயு போடுவதற்கு முன் டொலமைட் கலப்பது நல்லது. செங்கல் கட்டுவது போல மூட்டு மாறி மாறி வரப் பதியுங்கள். சரிவான இடத்தில் குறுக்காகப் போட்டு மூங்கில் முளை அடியுங்கள். அன்றே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அடைமழையில் பதிக்க வேண்டாம். மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். தூக்க வராவிட்டால் வேர் பிடித்து விட்டது. அதுவரை யாரும் இறங்கி விளையாடக் கூடாது.

காசு போதாதா? கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் சுருள் போடுங்கள். மற்ற இடத்தில் அருகு, கிக்குயு கொடியைக் கணுவோடு துண்டாக்கி அரை அடி இடைவெளியில் நடலாம். மூட நாளெடுக்கும், ஆனால் செலவு மிகக் குறைவு. எங்கள் மைதானத்தின் காய்ந்த பாதியை இப்படித்தான் மூடினோம். நட்டவர்கள் அதே இளைஞர்கள்தான்.