முகம் திருப்புதல்

சோறு ஊட்டும்போது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் மண்டபத்தூரில் எந்தத் தாய்க்கும் அது புரியும்: 'போதும்'. ஆட்டிசப் பயிற்சி அறையிலோ அதே முகத்திருப்பல் 'பிரச்சினை நடத்தை' ஆகிவிடுகிறது. மறுப்பு நோய்க்குறியாக வாசிக்கப்படுகிறது.

நடத்தைப் பகுப்பாய்வு என்னும் இம்முறை, வேண்டிய நடத்தைக்குப் பரிசு தந்து அதை வலுப்படுத்துகிறது. 1987இல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. 'இல்லை' என்ற அதட்டலும் தொடையில் அடியும் உண்டு. அழுதால் விட்டுவிடாதே, அழுகை வலுப்படும் என்பது அதன் தர்க்கம். அழுது பயனில்லை என்று கற்ற பிள்ளை, நாளை தொடக் கூடாதவன் தொடும்போது எப்படி 'வேணாம்' என்று சொல்லும்?

பெற்றோர் கையெழுத்து சம்மதம். பிள்ளையின் இசைவு வேறு. 2022இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சான்றளிப்பு வாரியத்தின் நெறிமுறை, சொல்லின்றிக் காட்டும் விருப்பத்தையும் இசைவாக ஏற்கிறது. 'பொருந்துமிடத்தில்' இசைவைப் பெறு என்கிறது. பொருந்துமா என்று தீர்மானிப்பது மறுபடியும் பயிற்சியாளர்தான்.

பிறர் சம்மதம் போதும் என்பதன் கடைக்கோடி நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி: சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி எரிந்தார்கள், இறந்தவர்கள் 28 பேர். பரிசு மிட்டாயும் சங்கிலியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிடத்திலும் 'உன் நன்மைக்குத்தான்' என்கிற குரல் ஒன்றே.

தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை, ஊனமுற்ற குழந்தைகளுக்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தருகிறது. பேசாத பிள்ளையின் கருத்து அதன் உடலில் இருக்கிறது. கையை இழுத்துக்கொண்டால் நிறுத்து, காரணம் தேடு, பாடத்தை மாற்று. ஊசிபோலத் தவிர்க்கவே முடியாததென்றால், மறுப்பை மறுப்பென்றே ஒப்புக்கொண்டு செய். அதற்கு வேறு பெயர் சூட்டாதே.