தீவகத்து மின்னிலையமும் மிகையழுத்தக் காப்பும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்னிலையங்களை நிறுவுவதற்கான ஒப்பந்தம், இந்திய நன்கொடையின் துணையுடன், 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 1ஆந் தேதி கைச்சாத்தாயிற்று. காற்றினால் 530 கிலோவாற்று, ஞாயிற்றொளியினால் 1,700 கிலோவாற்று, 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் பற்றரி, துணைக்கு டீசல் இயந்திரம் என்பன திட்டத்தின் உறுப்புகள். இத்தகைய நிலையத்திலே பற்றரியை எப்போது ஏற்றுவது, டீசல் இயந்திரத்தை எப்போது எழுப்புவது என்பவற்றைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டுக் கணினி. காற்றின் வேகம், ஒளிச்செறிவு முதலியவற்றை உணரிகள் சிறு மின்னழுத்தங்களாக மாற்றி, நீண்ட கம்பிகள் வழியே அதற்கு அனுப்புகின்றன. அக்கம்பி நுழையும் வாயில் பெரும்பாலும் 5 உவோற்றுக்கு மேல் தாங்காது. அது கருகினாற் கணினிக்குக் கண்ணில்லை. மாற்றுப் பலகையோ நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து கடல் கடந்து வரவேண்டும்.

இவ்வாயிலுக்குப் பகை இரண்டு. உப்புக்காற்றில் நைந்த இணைப்பொன்றிலே 230 உவோற்றுக் கம்பி உணரிக் கம்பியைத் தீண்டுதல் ஒன்று. இதற்கு மருந்து எளிது. வாயிலுக்கு முன்னே 100,000 ஓம் தடையொன்றைத் தொடராக இட்டு, வாயிலிலிருந்து வழங்கற் கம்பிக்கும் புவிக்கும் இருவாயிகள் இரண்டை இணைப்பர். அழுத்தத்தின் உச்சம் 325 உவோற்று. எனவே பாயக்கூடியது ஏறத்தாழ 3.2 மில்லியம்பியரே. அதனை இருவாயிகள் இலகுவிற் சுமக்கும். தடையிலே அரை வாற்றுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் பிறக்குமாதலின், அது ஒரு வாற்றுத் தடையாதல் வேண்டும். கால் வாற்றுத் தடையை இட்டுவிட்டுக் காப்பிட்டோமென்று மகிழ்வது பேதைமை.

ஆயினும் காப்பு விலையின்றிக் கிடைப்பதன்று. வெயிலிற் சூடேறிய இருவாயி ஒரு மைக்குரோ அம்பியர் கசியவிடின், அத்தடையில் 0.1 உவோற்று வீழும். 5 உவோற்று அளவையில் இது நூற்றுக்கு இரண்டு வழு. கசிவு குறைந்த இருவாயியைத் தெரிதலே இங்குப் பாதி வேலை.

மற்றைய பகை மின்னல். கம்பி கட்டடத்துட் புகுமிடத்தில் வாயுக்குழாய்க் காப்பு பேரோட்டத்தை நிலத்துக்குத் திருப்பும். ஆனால் அது விழிக்கச் சிறிது காலம் செல்லும். அதற்குப் பின்னாலுள்ள அடக்கும் இருவாயி உடனே விழிக்கும். ஆனாற் பெருஞ்சுமை தாங்காது. இரண்டுக்குமிடையே சிறு தடையொன்று இல்லையேல், முந்தி விழித்ததே முழுச்சுமையையும் ஏற்று மடியும்.

நெடுந்தீவின் வறண்ட முருகைக்கல் நிலத்திலே புவித்தொடுப்புக் கடினமானது. புவித்தடை 10 ஓம் என்று கொண்டாலும், 30,000 அம்பியர் மின்னலொன்று 300,000 உவோற்றை எழுப்பும். கம்பத்துக்கு ஒரு புவிக்கோல், கணினிக்கு வேறொன்று எனத் தனித்தனியே நட்டால், அவ்வழுத்தம் உணரிக் கம்பி வழியாகவே வழிதேடும். இரண்டையும் தடித்த செப்புப் பட்டியாற் பிணைத்துவிடின், நிலையம் முழுவதும் ஒருங்கே உயர்ந்து ஒருங்கே தாழும். வாயிலைச் சேரும் வேறுபாடு சிறிதாகிவிடும்.