வெல்டு விடல, அதோட ஓரம்தான் விட்டுச்சு!

திண்டுக்கல் சுத்துப்பட்டுல எரு, மண் அள்ளும் சின்ன டிராக்டர் லோடரில் கை விரிந்துவிட்டால், "வெல்டு விட்டுப்போச்சு" என்போம். துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். பல சமயம் வெல்டு முழுசா இருக்கும். அதுவும் தகடும் சேரும் ஓரத்தில்தான் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும்.

அந்த ஓரத்துக்குப் பெயர் 'வெல்டு டோ'. அங்கே வடிவம் சட்டென்று மாறுவதால் தகைவு குவிகிறது. வெல்டிங்கின்போதே உண்டான நுண்ணிய குறைகளும் அங்கே இருக்கும். பக்கெட் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் துளித்துளியாக வளரும். இதுதான் ஃபெட்டீக்.

இங்கே ஒரு கணக்கு: வெல்டு இணைப்பின் ஆயுள், ஏறி இறங்கும் தகைவின் மும்மடிக்கு ஏறத்தாழ எதிர்விகிதம். தகைவு 2 மடங்கானால் ஆயுள் 8-ல் 1 பங்குதான்! பக்கெட் நிறைய ஈரமண்ணோடு வரப்பில் குலுங்க ஓட்டினால் என்னாகும்? உயர்வலிமை இரும்புக்கு மாறினாலும் அந்த ஓரத்தின் ஃபெட்டீக் ஆயுள் பெரிசா கூடாது.

அப்போ விரிசல் மேலேயே இன்னொரு வெல்டு ஓட்டினால்? விரிசல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், மறுபடி வரும். சரியான வழி இது: டை பெனட்ரன்ட் அடித்து விரிசலின் இரு முனைகளையும் கண்டுபிடித்து, அங்கே துளை போடணும். விரிசலை அடிவரை கிரைண்டரில் எடுக்கணும். 7018 ராடை அவனில் உலர்த்தித்தான் வெல்டு பண்ணணும்; ஈர ராடு ஹைட்ரஜனை உள்ளே விட்டு புது விரிசலுக்கு வழி செய்யும். கடைசியில் ஓரத்தை வழவழப்பாகத் தேய்க்கணும்.

அதுவரை, தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் யாரையும் நிற்க விடாதீங்க.