மி பியாச்சே: எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலத்தில் 'ஐ லைக்' என்கிறோம். மலாயில் 'சாயா சுக்கா' என்கிறோம். இரண்டிலும் 'நான்' என்பவர்தான் முதலில் வந்து நிற்கிறார். தமிழில் 'நான் மாம்பழம் பிடிக்கும்' என்று சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரித்துவிடும். 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கும் இத்தாலிய மொழி, ஆங்கிலத்தை விட்டுவிட்டு நம் தமிழோடு வந்து சேர்ந்துகொள்கிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

தோட்டப் பள்ளி ஆசிரியைக்கு இத்தாலிய மொழி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டியவர்கள், இப்போது சிங்கப்பூரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறாள். சமையற்கட்டில் இருப்பவர்கள் இத்தாலியர்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் தலைமைச் சமையற்காரர் ஏதோ ஒரு பண்டத்தை ருசி பார்க்கக் கொடுத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 'இயோ பியாச்சோ' என்று பதில் சொல்லியிருக்கிறாள். சமையற்கட்டே சிரித்ததாம். 'இயோ' என்றால் நான். 'பியாச்சோ' என்றால், நான் பிறருக்குப் பிடித்தமானவள் என்று பொருள். பண்டம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டவரிடம், 'என்னை எல்லாருக்கும் பிடிக்கும்' என்று சொன்ன கதையாகிவிட்டது.

சிரித்ததைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடன் வேலை செய்த ஒருவர், 'நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தானே, அதனால்தான் வேறு மொழி நாக்கில் ஏறவில்லை' என்று சொன்னதுதான் அவளுக்குத் தைத்துவிட்டது. 'அப்படியா டீச்சர்?' என்று எனக்கு எழுதிக் கேட்டாள். இந்தப் பேச்சை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெற்றோர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கோபம் வந்தது. கோபத்தோடு நிற்காமல் கோலாலம்பூருக்குப் போனபோது ஓர் இலக்கணப் புத்தகமும் அகராதியும் வாங்கி வந்தேன். இரண்டாம் பாடத்திலேயே விடை கிடைத்தது. அவள் தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் யோசித்ததுதான் தவறு. தமிழில் யோசித்திருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்.

பாருங்கள். 'மி' என்றால் எனக்கு. 'பியாச்சே' என்றால் பிடிக்கிறது. 'மி பியாச்சே' என்றால் எனக்குப் பிடிக்கும். சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழ். 'தி பியாச்சே' என்றால் உனக்குப் பிடிக்கும். அவனுக்கு என்பது 'ல்யி'. ல-வையும் ய-வையும் ஒன்றாக ஒட்டி நாக்கின் நடுப்பகுதியால் சொல்ல வேண்டும். அவளுக்கு என்பது 'லே'. எங்களுக்கு, நமக்கு இரண்டுக்கும் 'ச்சி' என்ற ஒரே சொல்தான். நம்மைப்போல் கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்ல அவர்களிடம் இரண்டு சொற்கள் இல்லை. பலரைப் பார்த்து உங்களுக்கு என்பது 'வி'. அவர்களுக்கு என்பதற்குப் பேச்சில் 'ல்யி' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

மரியாதைக்கும் வழி உண்டு. தெரியாதவர், வயதில் பெரியவர், கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஆகியோரிடம் 'தி' கூடாது. ஒருவராக இருந்தாலும் 'லே பியாச்சே?' என்று கேட்க வேண்டும். அவளுக்கு என்பதும் இதே 'லே'தான். இடத்தை வைத்துப் பொருள் புரிந்துகொள்வார்கள். கேள்விக்குத் தனியாக ஆ, ஓ எதுவும் சேர்க்க வேண்டாம், குரலை ஏற்றினால் போதும். நம் வீடுகளிலும் 'சாப்பிட்டாச்சு?' என்று அப்படித்தானே கேட்கிறோம்.

பிடிக்காது என்று சொல்ல முன்னால் 'நோன்' வைக்க வேண்டும். 'நோன் மி பியாச்சே', எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழாமல் தாண்ட வேண்டும். 'மி திஸ்பியாச்சே' என்று ஒரு தொடர் உண்டு. பார்த்தால் பிடிக்கவில்லை என்பதுபோல் தோன்றும். ஆனால் அதற்கு 'வருந்துகிறேன், மன்னியுங்கள்' என்று பொருள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்ல நினைத்து இதைச் சொன்னால், எதற்காக மன்னிப்புக் கேட்கிறாய் என்று பார்ப்பார்கள்.

இனி ஒருமை, பன்மை. பிடித்த பொருள் ஒன்றானால் 'பியாச்சே', பலவானால் 'பியாச்சொனோ'. அழுத்தம் முதல் அசையான 'பியா'வில் விழ வேண்டும். 'மி பியாச்சே இல் கஃப்பே', எனக்குக் கோப்பி பிடிக்கும். 'மி பியாச்சொனோ இ ஃபியோரி', எனக்குப் பூக்கள் பிடிக்கும். இதைக் கேட்டதும் தமிழில் இப்படி இல்லையே என்பீர்கள். 'பிடிக்கும்' என்பதில் இல்லைதான். ஆனால் எழுத்துத் தமிழில் 'அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது', 'அந்தப் பாட்டுகள் எனக்குப் பிடித்தன' என்று எழுதுகிறோமல்லவா? அதே கணக்குதான். கட்டுரை நோட்டில் 'பாட்டுகள் பிடித்தது' என்று எழுதிச் சிவப்பு மையில் அடி வாங்கிய பிள்ளைகளுக்கு இத்தாலியப் பாடம் சுலபமாகப் புரியும். ஸ்பகெத்தி என்ற சொல்லே பன்மை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு ஒன்றானாலும் 'மி பியாச்சொனோ ல்யி ஸ்பகெத்தி' என்றுதான் சொல்ல வேண்டும்.

'இல்', 'லா', 'இ', 'ல்யி' என்று பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அது ஆண்பால் பெண்பால் அடையாளம். பொருள்களுக்கும் பால் வகுத்து வைத்திருக்கிறார்கள். பிடித்ததைச் சொல்லும்போது அந்த ஒட்டை விடக்கூடாது. அதைப் பழகப் பழகத்தான் கற்க முடியும். விதி சொல்லி உங்களைக் குழப்பப் போவதில்லை. செய்வது பிடிக்கும் என்றால் ஒட்டே தேவையில்லை. 'மி பியாச்சே லெஜ்ஜெரே', எனக்குப் படிக்கப் பிடிக்கும். 'மி பியாச்சே கம்மினாரே', எனக்கு நடக்கப் பிடிக்கும். எத்தனை செயல் சொன்னாலும் ஒருமையே.

உச்சரிப்பில் நமக்கு இன்னும் லாபம். அவர்களுடைய 'த' நம் 'தந்தை'யில் வரும் பல்லொட்டிய 'த'. 'ஐயா' என்று அழைக்க அவர்கள் சொல்லும் 'சிஞ்ஞோரே'யில் நம் ஞகரமே ஒலிக்கிறது. மெய்யெழுத்து இரட்டித்தால் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் மொழியில் 'பேன்னா' என்று இரட்டித்தால் எழுதுகோல், 'பேனா' என்று ஒற்றையாகச் சொன்னால் மனவேதனை. நமக்குப் பனி வேறு, பன்னி வேறு என்பதுபோலத்தான். ஆங்கிலம் மட்டும் பேசிப் பழகியவர்களுக்கு இந்த இரட்டிப்பு எளிதில் வருவதில்லை. ரோமிலும் தஸ்கனியிலும் பேச்சில் 'பியாச்சே' என்பதை 'பியாஷே' என்று மெதுவாக்கிச் சொல்வார்கள். அது ஊர் வழக்கு.

இத்தாலியரின் நாவுக்குத் தமிழ் அந்நியம் இல்லை என்பதையும் இங்கே சொல்லலாம். 1680-இல் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பாதிரியார் பெஸ்கிதான் நாம் வீரமாமுனிவர் என்று போற்றும் பெரியவர். தேம்பாவணி பாடியவர், 1732-இல் சதுரகராதி தொகுத்தவர், நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் பரமார்த்த குரு கதையைத் தந்தவர். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டியவர் என்று நம் இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. அவர் தமிழ் படித்த காலத்தில் 'எனக்குப் பிடிக்கும்' அவருக்குச் சிக்கலாக இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆனால் எல்லா 'எனக்கு'வையும் 'மி' ஆக்கிவிடக் கூடாது. எனக்குத் தோன்றுகிறது என்பது 'மி செம்ப்ரா', சரி. எனக்குத் தலை வலிக்கிறது என்பதற்கும் 'மி' உண்டு. எனக்குப் பசிக்கிறது என்பதற்கோ 'ஓ ஃபாமே', அதாவது 'பசியை வைத்திருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். இன்னொன்று. 'எனக்கு அவரைப் பிடிக்கும்' என்று ஆளுக்கு நாம் ஐ-யுருபு போடுகிறோம், அவர்கள் போடுவதில்லை. ஆளிடம் நேரே 'மி பியாச்சி' என்றால், உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்ற வேறுவிதப் பேச்சாகிவிடும். தாயிடமும் பிள்ளையிடமும் அன்பைச் சொல்ல 'தி வோல்யோ பேனே' என்பார்கள். உனக்கு நல்லது வேண்டுகிறேன் என்பது அதன் நேர்ப்பொருள். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது.

கடையில் கேட்கும் முறை வேறு. 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்று கோப்பிக் கடையில் சொன்னால் கடைக்காரர் 'நல்லது' என்று சொல்லிவிட்டு நிற்பார். 'ஒரு கோப்பி வேண்டும்' என்றால்தான் கோப்பி வரும். அங்கேயும் அப்படியே. 'வொர்ரேய் உன் கஃப்பே', ஒரு கோப்பி கொடுத்தால் நல்லது என்று பணிவாகக் கேட்பது. சின்னக் கிண்ணத்தில் இரண்டு மிடறு கறுப்புக் கோப்பி வரும். பலரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். பால் நுரை பொங்கும் கப்புச்சினோ அவர்களுக்குக் காலை வேளைக்கானது. நம் நாட்டுப் பேரங்காடிக் கடைகளில் கேட்பதுபோல் 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் வெறும் பால்தான் கிடைக்கும், ஏனென்றால் அச்சொல்லுக்குப் பால் என்றே பொருள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க 'ப்ரெஃபெரிஸ்கோ' என்ற சொல் உண்டு. இதற்கு ஆங்கிலம்போல் 'நான்'தான் எழுவாய். 'ப்ரெஃபெரிஸ்கோ இல் ரீசோ', எனக்குச் சோறே மேல்.

சோறா, இத்தாலியிலா என்று கேட்காதீர்கள். ஐரோப்பாவில் அதிகம் நெல் விளைவிக்கும் நாடு இத்தாலிதான். வடக்கே வெர்ச்செல்லி, நோவாரா, பாவியா வட்டாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த அரிசியைக் கொதிசாறு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழையக் கிளறி 'ரீசொத்தோ' செய்கிறார்கள். மிலான் நகரத்தில் குங்குமப்பூவும் சேர்க்கிறார்கள். அந்த வயல்களில் நாற்று நடவும் களை பறிக்கவும் கோடைக்காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களிலிருந்து வந்தார்கள். 'மொந்தீனே' என்று அவர்களுக்குப் பெயர். முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி வேலை, பண்ணைக் கொட்டகைகளில் வரிசையாகப் படுக்கை, கூலியில் ஒரு பங்கு அரிசியாக. வேலை செய்துகொண்டே பாடினார்கள். 1900-களின் தொடக்கத்தில் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். இயந்திரமும் களைக்கொல்லியும் வந்தபின் அந்த வேலை மறைந்தது. அவர்களை வைத்து 1949-இல் 'ரீசோ அமாரோ' என்ற படம் வந்தது. அமாரோ என்றால் கசப்பு. ரீசோ என்ற சொல்லுக்கு அரிசி என்றும் சிரிப்பு என்றும் இரண்டு பொருள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டு ஆல்பா நகரில் 1964-இல் வெளிவந்த நுதெல்லா என்ற ரொட்டியில் தடவும் இனிப்பு இன்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் செம்பனை எண்ணெய் சேர்கிறது. 'மி பியாச்சே லா நுதெல்லா' என்று ஓர் இத்தாலியச் சிறுமி சொல்லும்போது, எங்கோ ஒரு தோட்டத்தில் குலை வெட்டியவருடைய உழைப்பும் அதில் கலந்திருக்கலாம்.

பதில் பேச்சுக்கு நான்கு சொல். ஒருவர் பிடிக்கும் என்றால், எனக்கும் என்று ஒத்துச் சொல்ல 'ஆன்கே அ மே'. எனக்கு இல்லை என்றால் 'அ மே நோ'. ஒருவர் பிடிக்காது என்றால், எனக்கும் இல்லை என்பது 'நெஆன்கே அ மே'. எனக்குப் பிடிக்குமே என்றால் 'அ மே சீ'. மிகவும் என்பது 'மோல்தோ', துளியும் இல்லை என்பது 'பெர் நியென்தே', சுமார் என்பது 'கொசீ கொசீ'. மெல்ல மெல்ல என்பதையும் 'பியானோ பியானோ' என்று நம்மைப்போல் இரட்டித்துத்தான் சொல்கிறார்கள்.

பிறகு 'ஏ அ தே?' என்ற கேள்வி. 'உனக்கு?' என்று பொருள். பாடப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கேள்வி வருகிறது. என் மாணவி எழுதியிருந்தாள்: 'டீச்சர், வீட்டில் இருந்த பதினெட்டு வருஷத்தில் உனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிறேன்.' அவள் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் பிரட்டுக்குப் போகிறவர்கள், இருந்ததைச் சமைத்து வைத்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். இப்போது என் வகுப்பில் வாரம் ஒரு நாள், தமிழிலேதான், எழுப்பிக் கேட்கிறேன். ஆண்பிள்ளைகள் உடனே சொல்லிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இத்தாலிய மொழியால் மட்டும் என்று சொல்ல முடியாது, அவள் கைச்சுறுசுறுப்பு அப்படி. சென்ற மாதம் 'மி மான்கா லா மம்மா' என்று எழுதியிருந்தாள். 'மான்கா' என்றால் குறைபடுகிறது. அம்மா எனக்கு இல்லாமல் குறையாக இருக்கிறது, அம்மா நினைவாகவே இருக்கிறேன் என்று பொருள். இதுவும் 'எனக்கு' என்று தொடங்கும் தொடர்தான்.

வீட்டில் பழகிப் பார்க்கச் சில வாக்கியங்கள் தருகிறேன். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். எனக்குத் தேநீர் பிடிக்கும். எங்களுக்குப் படிக்கப் பிடிக்கும். எனக்குப் பூக்கள் மிகவும் பிடிக்கும். எனக்கு மழை பிடிக்காது. உங்களுக்குக் கோப்பி பிடிக்குமா, ஐயா?

விடை: மி பியாச்சே இல் தே. ச்சி பியாச்சே லெஜ்ஜெரே. மி பியாச்சொனோ மோல்தோ இ ஃபியோரி. நோன் மி பியாச்சே லா பியோஜ்ஜா. லே பியாச்சே இல் கஃப்பே, சிஞ்ஞோரே?