நீலப்பச்சை அல்காவின் நிறப்பொருளும் அதன் பெறுமதியும்

நானுஓயாவிற் பறிக்கப்படும் கொழுந்தின் விலையைக் கொழும்பு ஏலமும் அதற்கப்பாலுள்ள கலவைக் கம்பனிகளும் நிர்ணயிக்கின்றன; பறிப்பவர் நிர்ணயிப்பதில்லை. தேயிலையுடன் தொடர்பற்ற வேறொரு விளைச்சலிலும் இவ்வுறவு உருவாகி வருவதை நாம் இங்கு நோக்குவோம். சயனோபற்றீரியா எனும் நீலப்பச்சை அல்காவிலிருந்து பெறப்படும் பைக்கோசயனின் என்ற நீல நிறப்பொருளே அது.

இவ்வினத்துள் வாணிப முதன்மை பெற்றது ஸ்பிருலினா. அப்பச்சோடா கரைத்த காரநீரில், முழங்காலளவும் ஆழமில்லாத தொட்டிகளில், ஏறத்தாழ 35 பாகை வெப்பத்தில் அது செழிக்கும். (நானுஓயாக் குளிரில் திறந்த தொட்டி பயன்தராது.) நீரைக் கலக்கிக்கொண்டிருந்து, இழைகளைத் துணியில் வடித்து உலர்த்தினாற் பசும்பொடி கிடைக்கும். அதிலிருந்து நீலத்தைப் பிரிப்பதே கடினம். கலங்களை உறையவைத்து உருகவிட்டு உடைத்து, நீரிற் கரைந்து வரும் புரதத்தை மையநீக்கப் பொறியால் தெளிவித்துத் தூய்மையாக்க வேண்டும். 620 நனோமீற்றர் ஒளியை அக்கரைசல் உறிஞ்சும் அளவை, 280 நனோமீற்றரில் உறிஞ்சும் அளவால் வகுத்தால் தூய்மை புலப்படும். 0.7 உணவுக்குப் போதும். 4 ஐக் கடந்தால் ஆய்வுகூடத் தரம், விலையும் பன்மடங்கு. வெப்பமும் அமிலமும் இந்நீலத்தைக் குலைத்துவிடும். ஐக்கிய அமெரிக்கா 2013 இல் இதனை முதலில் இனிப்புகளுக்கும் சுவிங்கத்துக்குமே அனுமதித்தது.

இயற்கைச் சாயம் என்றதும் மனம் நெகிழ்வோர், 1859 இல் வங்காளத்து அவுரி விவசாயிகள் ஏன் கிளர்ந்தெழுந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

தமிழகத்தின் அனுபவம் இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையத்தில் சி. வி. சேஷாத்ரி தலைமையில் இயங்கியோர், கிராமத்தவர் தாமே வளர்க்கக்கூடிய உணவாக ஸ்பிருலினாவைக் கருதினர். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறாருக்கு உயிர்ச்சத்து 'ஏ' குறைபாட்டைப் போக்க அது வழங்கப்பட்டது. அதே மாவட்டத்து ஊனையூரில், அதே முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த பாரி நிறுவனத்தின் பெருந்தொட்டிகள் ஏற்றுமதிக்காக விளைவிக்கின்றன. உயிரி ஒன்றே, உற்பத்தியின் நோக்கம் மாறிவிட்டது.

நமது தோட்டப்புறங்களில், 2016 ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமற்றவர். ஆகவே பொடியா, நிறப்பொருளா என்பது நமக்கு வெறும் தொழினுட்ப வினாவன்று. வெப்பமான தாழ்நிலத்தில் தொட்டி கட்டவும் பாசியை வடிக்கவும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் இயலும். மையநீக்கப் பொறியும் ஒளியளக்கும் கருவியும் யார் கையில் இருக்கும் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.