வாகன உடற்பாகங்களுக்கு வண்ணம் பூசுதல்

வாகன உடற்பாகங்களுக்கு வண்ணம் பூசுதல் என்பது மகிழுந்தின் கதவு, பம்பர் போன்ற பாகங்களில் பிரைமர், நிறப்பூச்சு, மேற்பூச்சு ஆகியவற்றை அடுக்கடுக்காக இடும் பணியாகும். கீறல் விழுந்த சிறு பாகங்களுக்கு வீட்டிலேயே தெளிப்புக் குப்பியால் வண்ணம் பூசலாம்.

முன்னேற்பாடு

பூச்சு நிலைப்பது பெரும்பாலும் முன்னேற்பாட்டைப் பொறுத்தது. பாகத்தைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசையையும் துருவையும் நீக்க வேண்டும். பள்ளங்களில் பட்டி வைத்து, காய்ந்தபின் 180 எண் உப்புத்தாளாலும் பிறகு 320 எண் தாளாலும் தேய்த்துச் சமப்படுத்துவர். பிரைமர் உலர்ந்ததும் 600 முதல் 800 எண் வரையுள்ள நீர்த்தாளால் தேய்ப்பர். நெகிழி பம்பருக்கு அதற்குரிய பிரைமர் இடாவிட்டால் பூச்சு உரிந்துவிடும்.

பூசுதல்

குப்பியை 20 முதல் 30 செ.மீ. தொலைவில் பிடித்து, கையை ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். கனமாக அடித்தால் வண்ணம் வழியும். எனவே 10 முதல் 15 நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சுகளாக இடுவது வழக்கம். ஈரக்காற்றில் பூசினால் வெண்மை படரக்கூடும்.

பாதுகாப்பு

கடினமாக்கி கலந்த இருகூறு மேற்பூச்சுகளில் பொதுவாக ஐசோசயனேட்டு உண்டு. இதைச் சுவாசிப்பதால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு, பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சுத்திணறலைத் தூண்டும். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. ஆகவே தொடக்கநிலையினர் ஒருகூறு மேற்பூச்சையே, காற்றோட்டமுள்ள, நெருப்பில்லாத இடத்தில் பயன்படுத்த வேண்டும். இருகூறு பூச்சைப் பட்டறையிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பானது.