திராட்சையும் திரைகடலும் – 7: மூடுபனியின் உபகாரம்

சென்ற இதழில் நாபாப் பள்ளத்தாக்கின் செயின்ட் ஹெலினா ஊரில் காரை நிறுத்தினோம் என்பதும், இந்த இதழில் கடற்கரைச் சாலையின் பிக்ஸ்பி பாலத்தைக் காட்டுவதாக நான் வாக்களித்தேன் என்பதும் தொடரை விடாமல் வாசித்து வரும் அன்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்வார்களாக. 1932ஆம் ஆண்டு முதல் நின்றுகொண்டிருக்கும் அந்தப் பாலம் இன்னும் ஒரு வாரம் நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆசிரியரோ கைப்பிரதிக்கு ஆள் மேல் ஆள் விடுகிறார். என் சித்தமோ மூடுபனியில் அகப்பட்டுக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. ஆகையால் இந்த வாரம் பனியைப் பற்றித்தான்.

நாபாப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 30 மைல் நீளமும், ஒரு சில மைல் அகலமுமே உள்ள சிறிய பிரதேசம். வடகோடியில் மலையடிவாரத்தில் காலிஸ்டோகா. தென்கோடியில் சான் பாப்லோ விரிகுடாவின் ஓரமாக கார்னெரோஸ் மேடு. வடக்கே போகப் போகக் குளிர்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே வந்தால் திகைத்துத்தான் போவார்கள். ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் நாங்கள் காலிஸ்டோகாவை விட்டுப் புறப்பட்டபோது காரின் முன்பலகையில் 97 என்று காட்டிய ஃபாரன்ஹீட் எண், ரதர்ஃபோர்டைத் தாண்டுகையில் 91 ஆகி, நாபா நகரத்தில் 84 ஆகி, கார்னெரோஸ் மேட்டில் ஏறுகையில் 77க்கு இறங்கிவிட்டது. ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்திருந்தவள் என் மனையாள். பல வருஷகாலம் பூகோளம் போதித்தவளாகையால், அவளுக்கு இப்படிப்பட்ட சங்கதிகள் கண்ணில் படாமல் போவதில்லை.

“என்னங்க, தெற்கே வந்தா சூடு ஏறணும். இங்கே இறங்கிக்கிட்டே வருதே, கவனிச்சீங்களா?” என்றாள்.

நான் கவனித்திருக்கவில்லை. பிக்ஸ்பி பாலத்தின் வளைவைப் பற்றி முதல் வாக்கியத்தை மனசுக்குள் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் அத்தோடு போயிற்று.

குளிர்ச்சிக்குக் காரணம் சமுத்திரம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கோடைக்காலத்தில், கொளுத்துகிற வெயிலில், ஒரு சமுத்திரம் ஏன் குளிர்ந்து கிடக்க வேண்டும்? வட கலிஃபோர்னியக் கரையோரத்து நீர் ஜூலையிலும் ஆகஸ்டிலும்கூட 12, 13 செல்சியஸ் பாகையைச் சுற்றியே இருக்கிறது; காலை நனைத்தவன் உடனே இழுத்துக்கொள்வான். இதற்கு விடை தேடிப் போன இடத்தில்தான் இந்த வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடாத விஷயம் அகப்பட்டது. அந்த விடை கலிஃபோர்னியாவில் இல்லை, வடதுருவத்துப் பனிப்பாறைகளின் நடுவே இருக்கிறது.

நார்வே தேசத்து நான்சென் என்ற மகா தைரியசாலி, ‘ஃப்ராம்’ என்னும் தம் கப்பலை 1893ஆம் ஆண்டில் வேண்டுமென்றே ஆர்க்டிக் பனிக்கட்டியில் சிக்கவைத்து, அந்தப் பனி இழுத்துப் போகும் வழியெல்லாம் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டார்; கப்பல் விடுபட்டது 1896ஆம் ஆண்டில். இந்தப் பிரயாணத்தில் அவர் ஒன்றைக் கண்டார். காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ அந்தத் திசையிலேயே பனி போகவில்லை. 20 முதல் 40 பாகை வரை வலப்புறமாக ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. பூமி சுழல்வதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்த நான்சென், கணக்குப் போட்டுப் பார்க்கும்படி விஷயத்தைப் பேராசிரியர் பியர்க்னெஸிடம் ஒப்படைக்க, அவர் அதைத் தம் மாணாக்கரான எக்மன் என்ற ஸ்வீடன் தேசத்து வாலிபரிடம் கொடுத்தார். காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. பூமியின் சுழற்சி அந்த நீரை வலப்புறம் திருப்புகிறது. மேல்நீர் தன் அடியிலுள்ள நீரை இழுக்க, அது இன்னும் கொஞ்சம் வலப்புறம் திரும்புகிறது. இப்படிப் படிப்படியாகத் திரும்பிக்கொண்டே போய், மொத்தத்தில் நீர் நகர்வது காற்றுக்குச் செங்குத்தாக, வலது பக்கத்தில்தான் என்று எக்மன் நிரூபித்தார். 1905ஆம் ஆண்டில் அவருடைய கட்டுரை உலகறிய வெளிவந்தது. நமக்குத் தெற்கே, பூமத்திய ரேகைக்கு அப்பால், இதே சங்கதி இடப்புறமாக நடக்கும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள நான் பட்ட சிரமத்தை, கடற்கரையை அடைந்ததும் என் மனையாள் அரை நிமிஷத்தில் தீர்த்துவைத்தாள். பாயின்ட் ரேயஸ் முனையில், புடவைத் தலைப்பு பிய்த்துக்கொண்டு போகிற காற்றில், “காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. வலக்கையை நீட்டுங்க. கை எதைக் காட்டுது?” என்றாள். கோடையில் அங்கே காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டியே வீசுகிறது. என் முகம் தென்கிழக்கே இருந்தது. நீட்டிய கை திறந்த சமுத்திரத்தைக் காட்டிற்று. அவ்வளவுதான் சாஸ்திரம்: காற்று கரையோரமாக வீச, மேல்நீர் கரையை விட்டு விலகி நடுக்கடலை நோக்கிப் போகிறது, அது காலி செய்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது, பசிபிக்கைக் கடந்து வருகிற ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின் மேல் படர்ந்ததும் உறைந்தாற்போல் வெண்மையாகி மூடுபனியாகிறது. உள்நாட்டின் பெரிய சமவெளி வெயிலில் காய்ந்து, அங்கே காற்று சூடேறி மேலெழும்ப, அந்த வெற்றிடத்தை நிரப்ப இந்தப் பனி மலைத்தொடரின் இடைவெளிகளான கோல்டன் கேட் வாயில் வழியாகவும், பெட்டலூமாத் தாழ்வு வழியாகவும் உள்ளே இழுக்கப்படுகிறது. விரிகுடாவின் வாசற்படியில் இருக்கும் கார்னெரோஸ் முதலில் நனைகிறது. 30 மைல் தள்ளி வடக்கே இருக்கும் காலிஸ்டோகாவுக்கு மிச்சம் மீதிதான் போய்ச் சேருகிறது.

இதைப் பற்றிச் சொல்கையில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் குமரி முனையை ஒட்டியும் ஆழ்நீர் இவ்வாறே மேலே எழும்புகிறது. ஆழத்தில் கிடந்த சத்துகள் அதனோடு வந்து சேர, மத்தி மீன் பெருகுகிறது. எக்மன் கணக்குப் போட்டுப் பார்த்தது நம் மீன்சந்தையின் விலைக்கும் சேர்த்துத்தான்.

இனித் திராட்சைக்கு வருவோம். வெயிலில் திராட்சைக்குள் சர்க்கரை ஏறும். அந்த வெப்பம் இரவிலும் தணியாதிருந்தால் பழத்தின் புளிப்பு சுவாசத்திலேயே எரிந்து தீர்ந்துபோகும். சர்க்கரை மிகுந்து புளிப்புக் குறைந்த பழத்தில் ஒயின் செய்தால் அதில் சாராயம் இருக்கும், ஜீவன் இருக்காது. பகலில் வெயிலும் இரவில் பனியும் மாறி மாறி வருகிற இடத்தில்தான் இரண்டும் தராசின் இரு தட்டுகளாக நிற்கின்றன. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த விங்க்ளரும் அமெரினும் 1944ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்கே வகுத்தார்கள்: 50 ஃபாரன்ஹீட் பாகைக்குக் கீழே கொடி வளராதாகையால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை ஒவ்வொரு நாளும் சராசரி வெப்பம் 50ஐ எவ்வளவு மிஞ்சுகிறதோ அதையெல்லாம் கூட்டி, மாகாணத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். நாபாவில் கார்னெரோஸ் முதல் வகுப்பில் வரும். காலிஸ்டோகா மூன்றாம் வகுப்பில். ஆகவே குளிரை விரும்பும் பினோ நுவாரும் ஷார்டனேயும் தெற்கே. வெயிலைத் தாங்கும் காபர்னே சோவின்யோன் வடக்கே. கார்னெரோஸில் ஒரு ருசிக்கூடத்தில், காரோட்டும் பொறுப்பைச் சாக்கிட்டு என் மனையாள் தப்பித்துக்கொள்ள, தேசாசாரத்துக்கு மரியாதை செய்யும் கடமை என் தலையில் விழுந்தது. நாக்கை நனைத்ததும், மாதுளைக்கும் இலந்தைக்கும் நடுவிலான ஒரு புளிப்பு கன்னத்தின் இரு ஓரங்களிலும் சுருக்கென்று இழுத்தது. அந்தச் சுருக்கு வடதுருவத்துக் காற்றுக்கணக்கின் சுருக்கு என்பது அன்று எனக்குத் தெரியாது.

இந்தப் பனியை அடியோடு வெறுத்த ஒரு மனிதரும் இந்தப் பள்ளத்தாக்கில் தேனிலவு கொண்டாடியிருக்கிறார். எடின்பரோவில் 1850இல் பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன், ‘புதையல் தீவு’ எழுதுவதற்கு முன்னால், தம்மைவிடப் பத்து வயது மூத்தவளான ஃபானியை மணந்துகொள்வதற்காக அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்கக் கண்டத்தையும் ரயிலில் கடந்து வந்து, மார்பு நோயினால் சாவின் விளிம்பு வரை போய்த் தப்பியவர். 1880ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் கல்யாணம். அந்நகரத்துப் பனி நோயாளிக்கு ஆகாது. கையில் பணமும் இல்லை. ஆகவே தம்பதி, ஃபானியின் முதல் மணத்துப் பையனையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு, காலிஸ்டோகாவுக்கு மேலே செயின்ட் ஹெலினா மலையின் சரிவில், சில்வராடோ என்ற கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கத்தின் கொட்டகை ஒன்றில், வாடகை கொடுக்காமல் குடியேறினார்கள். கதவும் ஜன்னலும் போன கொட்டகை. தரைப்பலகை இடுக்கில் நச்சுச் செடி முளைத்திருந்தது. அங்கிருந்து ஒரு விடியற்காலையில் எட்டிப் பார்த்த ஸ்டீவன்ஸன், கீழே பள்ளத்தாக்கையே காணாமல், வெண்ணிறச் சமுத்திரம் ஒன்று தம் காலடியில் பரந்து கிடப்பதையும், மலைச்சிகரங்கள் தீவுகளாக நிற்பதையும் கண்டார். தம் மார்பின் சத்துருவை முதல் முறையாக மேலிருந்து பார்த்த அந்த மனிதர், அதன் அழகுக்கென்றே தம் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் ஒதுக்கிவிட்டார்.

அந்தப் பக்கத்தில் அவர் பார்க்கப் போன தோட்டங்களில் ஒன்று ஜேக்கப் ஷ்ராம் என்ற ஜெர்மானியருடையது. ஊர் ஊராகப் போய் முகக்ஷவரம் செய்து பிழைத்த நாவிதர் அவர். 1862இல் மலைச்சரிவில் நிலம் வாங்கித் திராட்சை வைத்தார். சீனத் தொழிலாளிகள் குடைந்த குகைகளில் அவருடைய ஒயின் முதிர்ந்தது. குகைகள் இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கின்றன. குடைந்தவர்கள் பெயர்களை எழுதிவைத்தார் இல்லை. ஸ்டீவன்ஸன் ஷ்ராமின் மதுவை வகை வகையாக ருசி பார்த்து மகிழ்ந்தார். அந்த மதுவின் நயத்தில், அவர் எந்தப் பனிக்கு அஞ்சி மலை ஏறினாரோ அந்தப் பனிக்கும் பங்கு உண்டு.

ஸ்டீவன்ஸன் வம்சத்துக்கும் மூடுபனிக்கும் உள்ள பகை பழையது. பாட்டனார் பெல் ராக் பாறையில் கலங்கரை விளக்கம் எழுப்பியவர். தகப்பனார் தாமஸும் அதே தொழில். பிள்ளையையும் அதில் பழக்கிப் பார்த்தார்கள். பிள்ளை கதை எழுதப் போய்விட்டார். பாயின்ட் ரேயஸில் நான் நின்ற இடத்துக்குக் கீழேயும் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஸ்டீவன்ஸன்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையென்றாலும், அந்தப் பாட்டனார் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார். விளக்கு உயரத்தில் இருந்தால்தான் தூரத்துக்குத் தெரியும் என்பது உலக வழக்கம். இங்கேயோ 1870ஆம் ஆண்டில் குன்றின் உச்சியை விட்டுவிட்டு, 300க்கு மேற்பட்ட படிகள் கீழே இறங்கி, பாறையின் விளிம்பில் விளக்கை வைத்திருக்கிறார்கள். காரணம், பனி பெரும்பாலும் குன்றின் தலையில் கவிந்து கொள்கிறது. உச்சியில் வைத்த விளக்கு வெண்மையில் புதைந்துபோகும். பிரான்ஸில் 1867இல் செய்யப்பட்டு, தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் வந்த ஒளிவில்லை, அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுழன்றது. காற்று பலத்தால் படிக்கட்டை மூடிவிடுகிறார்கள். நாங்கள் போன அன்று திறந்திருந்தது. இறங்கும்போது பனி தலைக்கு மேல் போய்விட, அடியில் கடல் தெளிவாகத் தெரிந்தது. நோயாளி பனிக்கு மேலே ஏறித் தப்பினார். விளக்கு பனிக்குக் கீழே இறங்கித் தப்பியது. தப்பாமல் நடுவிலேயே நின்று நனைந்த கொடிதான் அதனால் பிழைத்தது. கடற்கரையையும் திராட்சைத் தோட்டத்தையும் இரண்டு தனித்தனி உல்லாசங்களாக விளம்பரக்காரர்கள் விற்கிறார்கள். உண்மையில் அவை ஒரே காற்று ஒரு பக்கத்தில் தோண்டி மறு பக்கத்தில் கொட்டிய காரியம்.

திரும்பி ஏறுகையில் பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, என் மனையாள் ஓலீமா என்ற ஊரில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். 1906ஆம் ஆண்டு பூகம்பத்தில் இந்த நிலமுனை ஏறத்தாழ 20 அடி வடமேற்கே நகர்ந்துவிட்டதாம், ஒரு வேலி அறுந்து விலகி நின்ற இடத்தை அடையாளம் வைத்திருக்கிறார்களாம். பாலத்துக்கு நேரமாகிறது என்றேன்.

“பாலத்துக்கா? வாசகருக்கு நீங்க சொன்ன நாள் எப்பவோ தாண்டிப் போச்சுங்க,” என்றாள்.

அவள் சொல்வதும் வாஸ்தவம். வேலியை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் பிக்ஸ்பி பாலம் நிச்சயம், நிச்சயம். வழியில் மான்டெரேயின் மத்தி மீன் தொழிற்சாலைகளும், அவற்றின் எழுச்சியும் வீழ்ச்சியும், அதே எக்மன் கணக்கும் குறுக்கிடாதிருந்தால்.

(தொடரும்)